பூச்சிமருந்து விஷ வழக்குகள்: ஜாடி வந்ததிலிருந்து அறிக்கை வரை எளிய ஆய்வக முறைகள்

உறவினர் வாக்குமூலத்தில் ‘பால்டாயில் குடிச்சிட்டார்’ என்று இருக்கும். அது குளோர்பைரிபாஸாக இருக்கலாம், மோனோகுரோட்டோபாஸாக இருக்கலாம், சைபர்மெத்ரினாகவும் இருக்கலாம். வயலுக்கு அடிக்கிற எந்த மருந்தையும் நம் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். குடித்தது எது, உண்மையிலேயே உடலுக்குள் போனதா என்று நீதிமன்றத்துக்குச் சொல்ல வேண்டியது ஆய்வகம்.

தடய அறிவியல் படிக்கும் மாணவர்களையும், நச்சியல் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்களையும் நினைத்து இதை எழுதுகிறேன். கலவையைப் பிரித்து, மூலக்கூறின் நிறையை வைத்து அடையாளம் சொல்லும் ஜி.சி.-எம்.எஸ்., எல்.சி.-எம்.எஸ். போன்ற பெரிய கருவிகள் இருக்கும் இடத்திலும் இந்த எளிய முறைகளுக்கு வேலை இருக்கிறது. கருவிக்குள் எதைச் செலுத்துவது, எதைத் தேடச் சொல்வது என்று தீர்மானிப்பதே இந்த முதல் கட்டத்தில்தான். சென்னைக்கு இதில் நீண்ட மரபும் உண்டு. இந்தியாவின் முதல் வேதியியல் பரிசோதகர் ஆய்வகம் 1849இல் சென்னையில்தான் தொடங்கியது. கல்கத்தா, ஆக்ரா, பம்பாய் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

வேலையைத் தொடங்கும் முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விஷம் இருக்கிறது என்று எழுதுவதைவிட, ‘கண்டறியப்படவில்லை’ என்று எழுதுவது கடினம். நாம் போன வழியில் அந்த விஷம் இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்குமா? இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு படியிலும் பதில் இருக்க வேண்டும். கீழே வருகிற எல்லாமே அதற்காகத்தான்.

முதலில் காகிதங்கள்

இறந்தவரின் உள்ளுறுப்புகள் வரும் ஜாடியைத் தொடுவதற்கு முன் காகிதங்களைப் படியுங்கள். சந்தேக மரணத்தில் காவல்துறை நடத்தும் விசாரணை, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவின்கீழ் வரும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அதுவே 174. விசாரணைச் சுருக்கம், பிரேதப் பரிசோதனை அறிக்கை, ஆஸ்பத்திரி கேஸ் ஷீட் ஆகிய மூன்றும் கூடவே வர வேண்டும். வராவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

கேஸ் ஷீட்டில் நான் முதலில் தேடுவது நேரங்களை. எப்போது குடித்தார், எப்போது சேர்த்தார்கள், எத்தனை நாள் உயிரோடு இருந்தார்? ஐந்தாறு நாள் சிகிச்சையில் இருந்தவரின் இரைப்பையில் மூலப்பொருள் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அங்கே சிறுநீரும், அதில் வெளியேறும் சிதைபொருட்களும்தான் பேசும். அடுத்து சிகிச்சை விவரம். அட்ரோபின், பிராலிடாக்சிம் என்ற மாற்றுமருந்துகளைக் கொடுத்திருந்தால் மருத்துவர் எதைச் சந்தேகித்தார் என்பது புரியும். அந்த மருந்துகளே நம் பரிசோதனையில் தலைகாட்டினால் குழம்பவும் மாட்டோம். கண்பாவை சுருங்கியிருந்ததா, வாயில் நுரை வந்ததா, வாயும் தொண்டையும் வெந்திருந்ததா என்பதும் குறிப்பில் இருக்கும். சுருங்கிய கண்பாவையும் நுரையும் ஆர்கனோபாஸ்பேட் (பாஸ்பரஸ் உள்ள பூச்சிமருந்து வகை), கார்பமேட் (அதேபோல் நரம்பைத் தாக்கும் இன்னொரு வகை) பக்கம் கைகாட்டும். வெந்த வாயும், சில நாள் கழித்து வரும் மூச்சுத்திணறலும் பாராகுவாட் களைக்கொல்லியை நினைக்கச் சொல்லும்.

அவசரப் பிரிவில் இரைப்பையைக் கழுவி எடுத்த முதல் நீரைப் பற்றி எத்தனை முறை சொன்னாலும் போதாது. வழக்கிலேயே விஷச் செறிவு அதிகமுள்ள மாதிரி பெரும்பாலும் அதுதான். வார்டில் வாளியில் ஊற்றிக் கொட்டிவிடுகிறார்கள். மருத்துவக் கல்லூரிகளில் பாடம் எடுக்கும் வாய்ப்புக் கிடைத்தால், முதல் கழுவுநீரைச் சுத்தமான பாட்டிலில் எடுத்து, சீல் வைத்து, காவலரிடம் கொடுக்கச் சொல்லிக் கெஞ்சியாவது கேளுங்கள்.

ஜாடிகள்

வழக்கமாக வர வேண்டியவை: இரைப்பையும் அதன் உள்ளடக்கமும், ஓரடி நீளச் சிறுகுடல் அதன் உள்ளடக்கத்தோடு, பித்தப்பை சேர்த்துக் கல்லீரல் சுமார் 500 கிராம், இரண்டு சிறுநீரகத்திலும் பாதி, தொடை ரத்தக்குழாயிலிருந்து 10 முதல் 20 மி.லி. ரத்தம், கிடைத்த அளவு சிறுநீர். உறுப்புகள் நிறைவுற்ற உப்புக் கரைசலில் இருக்கும். ரத்தத்தில் சோடியம் புளோரைடும் பொட்டாசியம் ஆக்சலேட்டும் சேர்த்திருப்பார்கள். பாதுகாப்புக்கு ஊற்றிய கரைசலில் கொஞ்சம் தனி பாட்டிலில் வர வேண்டும். அது இல்லாவிட்டால் ‘விஷம் உப்புத்தண்ணீரிலேயே இருந்திருக்கலாமே’ என்று குறுக்கு விசாரணையில் கேட்டால் பதில் இருக்காது.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். மஞ்சள் பாஸ்பரஸ் உள்ள எலி பேஸ்ட் என்று சந்தேகம் இருந்தால் உறுப்புகளை ஸ்பிரிட்டில் போடக் கூடாது. இருட்டில் ஒளிரும் சோதனையை ஆல்கஹால் கெடுத்துவிடும். அப்புறம், புளோரைடு கலந்த ரத்தம் விஷத்தைத் தேட நல்லது, ஆனால் கோலினெஸ்டரேஸ் (ஆர்கனோபாஸ்பேட்டும் கார்பமேட்டும் முடக்கும் நொதி) அளவு பார்க்க உதவாது, ஏனென்றால் புளோரைடே அந்த நொதியைத் தடுக்கும். அதற்கென்று ஹெப்பாரின் சேர்த்த தனி ரத்தம் ஐஸில் வைத்து வர வேண்டும்.

அரக்கு முத்திரையை அனுப்பிய மாதிரி முத்திரையோடு ஒப்பிட்டு, லேபிளில் உள்ள பெயர், பிரேதப் பரிசோதனை எண், குற்ற எண் மூன்றும் கடிதத்தோடு பொருந்துகிறதா பாருங்கள். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் திறக்காதீர்கள். மூடியில் கசிவு இருந்தால் போட்டோ எடுங்கள். திறந்தபின் எடைபோட்டு, ஒவ்வொரு உறுப்பிலும் பாதியைத் தொடாமல் ஃப்ரீசரில் வையுங்கள். மறுபரிசோதனை கேட்கும் உரிமை எதிர்த்தரப்புக்கு உண்டு.

கரைப்பான் ஊற்றுவதற்கு முன் செய்ய வேண்டியவை

ஃபியூம் ஹூடுக்குள், கையுறையோடு, இரைப்பை உள்ளடக்கத்தை வெள்ளைத் தட்டில் பரப்பிப் பாருங்கள். நிறமேற்றிய மணல் போன்ற குருணைகள் இருந்தால் கார்போஃபியூரான் வகையாக இருக்கலாம். சாம்பல் கருப்புத் தூள் ஜிங்க் பாஸ்பைடை நினைக்கச் சொல்லும். நீலப் பச்சைச் சாயம் பாராகுவாட் தயாரிப்புகளில் சேர்ப்பது. மண்ணெண்ணெய் போன்ற வாடை, மருந்தைக் கரைத்து வைத்திருந்த கரைப்பானுடையது. வாடையைக் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் குனிந்து மோந்து பார்க்கும் பழக்கம் வேண்டாம். குருணை கிடைத்தால் இடுக்கியால் பொறுக்கித் தனியாக வையுங்கள். ஒரு குருணை பத்து கிராம் ஈரலைவிட அதிகம் சொல்லும்.

கரைப்பானில் பிரித்தெடுக்கும்போது கைநழுவிப்போகும் விஷங்கள் மூன்று. அவற்றை இப்போதே பார்த்துவிட வேண்டும்.

முதலாவது பாஸ்பைடு. எலி மருந்தான ஜிங்க் பாஸ்பைடும், தானிய மூட்டைகளுக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையும் அமிலம் பட்டதும் பாஸ்பீன் வாயுவாகிவிடும். ஜாடியைத் திறந்த கொஞ்ச நேரத்துக்குள் இதைச் செய்யுங்கள். ஒரு குடுவையில் சிறிது உள்ளடக்கத்தை எடுத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்து, வாயில் சில்வர் நைட்ரேட்டில் நனைத்த தாளையும் லெட் அசிட்டேட்டில் நனைத்த தாளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து லேசாகச் சூடாக்குங்கள். சில்வர் தாள் மட்டும் கருத்தால் பாஸ்பீன். இரண்டும் கருத்தால் ஹைட்ரஜன் சல்பைடு இருக்கிறது. அழுகத் தொடங்கிய உடலிலிருந்து அது தானாகவே வரும். சென்னை வெயிலில் பிரேதம் எவ்வளவு சீக்கிரம் கெடும் என்று தெரிந்தவர்கள் லெட் அசிட்டேட் தாள் இல்லாமல் இந்தச் சோதனையைச் செய்ய மாட்டார்கள். இரண்டும் கருத்தால் வாயுவை முதலில் லெட் அசிட்டேட் பஞ்சின் வழியாக விட்டு, சல்பைடைப் பிடித்துவைத்தபின் சில்வர் தாளில் படவிடுங்கள். பாஸ்பீன் கிடைத்தால், மிச்சக் கரைசலில் ஜிங்க் இருக்கிறதா, அலுமினியம் இருக்கிறதா என்று தனியே பார்க்க வேண்டும்.

இரண்டாவது பாராகுவாட். இது உப்பு, நீரிலேயே தங்கிவிடும், ஹெக்ஸேனுக்கோ ஈதருக்கோ வரவே வராது. ஒரு மி.லி. சிறுநீரில் அரை மி.லி. அம்மோனியக் கரைசல் சேர்த்துக் குலுக்கி, 20 மி.கி. அளவு சோடியம் டைதயோனைட் தூளைப் போடுங்கள். பாராகுவாட் இருந்தால் அடர்நீலம் வரும். டைகுவாட் மஞ்சள் பச்சை தரும். நீலம் வந்தபின் குழாயைக் காற்றுப்படக் குலுக்குங்கள். நிறம் மங்கி, டைதயோனைட் மறுபடி போட்டதும் திரும்பி வந்தால் சந்தேகமே வேண்டாம். லிட்டருக்கு ஒரு மி.கி. வரை இதில் தெரியும். டைதயோனைட் ஈரம் பட்டால் செத்துப்போகும். பழைய டப்பாவிலிருந்து எடுத்த தூளில் நிறம் வரவில்லை என்றால் அதற்கு அர்த்தமே இல்லை. நல்ல மனிதச் சிறுநீரில் பாராகுவாட் கலந்து ஒரு குழாயை எப்போதும் பக்கத்தில் வையுங்கள். அதில் நீலம் வந்த பிறகுதான் மாதிரியில் வரவில்லை என்று எழுதலாம்.

மூன்றாவது மஞ்சள் பாஸ்பரஸ். உள்ளடக்கத்தை அமிலமாக்கி, இருட்டறையில் நீராவியோடு வடித்தால் குளிர்விப்பானில் ஆவி குளிரும் இடத்தில் ஒளி தெரியும். 1855இல் மிட்ஷெர்லிக் சொன்ன சோதனை இன்றும் செல்லுபடியாகும். முழு இருட்டும், கண் பழகப் பொறுமையும் வேண்டும்.

பிரித்தெடுத்தல்: எல்லாம் இங்கேதான்

பாதித் தவறுகள் இங்கே நடக்கின்றன, யாருக்கும் தெரியாமலேயே. பாடப்புத்தகங்களில் உள்ள வழக்கமான வழி ஹெக்ஸேன்:

1. 50 கிராம் உறுப்பை நன்றாக அரைத்து, நீரில்லாச் சோடியம் சல்பேட்டைச் சேர்த்து உலர்ந்த பொடியாகும்வரை கலக்குங்கள்.
2. 100 மி.லி. ஹெக்ஸேன் ஊற்றி, வாட்டர் பாத்தில் குளிர்விப்பானோடு ஒரு மணி நேரம் வைத்து வடிகட்டுங்கள். இன்னும் இரண்டு முறை புது ஹெக்ஸேனில் திரும்பச் செய்து ஒன்றுசேர்த்துச் சுண்டவிடுங்கள்.
3. கொழுப்பை நீக்க, இதை ஹெக்ஸேனால் நிறைவுற்ற அசிட்டோநைட்ரைலோடு செப்பரேட்டிங் ஃபனலில் மூன்று முறை குலுக்குங்கள். மருந்து அசிட்டோநைட்ரைலுக்குப் போகும், கொழுப்பு ஹெக்ஸேனில் தங்கும்.
4. அசிட்டோநைட்ரைலைப் பல மடங்கு தண்ணீராலும் சிறிது நிறைவுற்ற உப்புக் கரைசலாலும் நீர்க்கச்செய்து, மறுபடி ஹெக்ஸேனில் பிரித்தெடுத்து, சோடியம் சல்பேட் வழியாக வடித்து, குறைந்த சூட்டில் சுண்டவிடுங்கள்.

குளோர்பைரிபாஸ், புரோஃபெனோபாஸ், எண்டோசல்பான், சைபர்மெத்ரின் எல்லாம் இந்த வழியில் அழகாக வந்துவிடும். மோனோகுரோட்டோபாஸ் வராது. அது தண்ணீரோடு கலந்துபோகிற பொருள், ஹெக்ஸேனில் கரையாது. முதல் படியிலேயே கோட்டைவிடலாம். தப்பிவந்தாலும் நான்காம் படியில் தண்ணீரோடு சாக்கடைக்குப் போய்விடும். அசிபேட்டும் அப்படியே. தமிழ்நாட்டுக் கிராமங்களில் மோனோகுரோட்டோபாஸ் எவ்வளவு காலம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும். 2013 ஜூலையில் பீகாரின் சாரண் மாவட்டப் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்டு 23 குழந்தைகள் இறந்தார்களே, சமையல் எண்ணெயில் இருந்தது இதே மருந்துதான். ஹெக்ஸேன் வழியை மட்டும் வைத்துக்கொண்டு ‘ஆர்கனோபாஸ்பேட் இல்லை’ என்று எழுதுவது இறந்தவருக்குச் செய்யும் அநியாயம்.

ஆகவே ஒவ்வொரு வழக்கிலும் இரண்டு தனிப் பிரிப்புகள் செய்யுங்கள். ஒன்று மேலே சொன்ன ஹெக்ஸேன் வழி. இன்னொன்று டைகுளோரோமீத்தேன் அல்லது குளோரோஃபார்ம் வழி: உள்ளடக்கத்தை வடிகட்டி, உப்பால் நிறைவுறச்செய்து, நேரடியாக டைகுளோரோமீத்தேனோடு மூன்று முறை குலுக்கிப் பிரித்தல். உப்பு நிறைந்தால் மருந்து தண்ணீரை விட்டுக் கரைப்பானுக்குத் தள்ளப்படும். கார்பமேட்டுகளுக்கும் இதுவே ஏற்றது. இடையில் தயிர்போல ஒரு அடுக்கு கட்டிக்கொண்டால் அதைக் குலுக்கிக் கலைக்கப் பார்க்காதீர்கள். இன்னும் உப்புப் போட்டுச் சுழல்பிரிப்பானில் ஓடவிடுங்கள்.

ரத்தத்தில் முதலில் புரதத்தை வெளியேற்ற வேண்டும். 10 மி.லி. ரத்தத்தில் 10 சதவீதச் சோடியம் டங்ஸ்டேட்டும் நீர்த்த கந்தக அமிலமும் சேர்த்தால் புரதம் திரளும். வடிகட்டியதைக் கரைப்பானில் பிரிக்கலாம். சூடாக்கவும் வேண்டாம், காரமாக்கவும் வேண்டாம். காரத்தில் ஆர்கனோபாஸ்பேட்டுகளும் கார்பமேட்டுகளும் சிதைந்துவிடும்.

மே மாதம் சென்னையில் ஈதர் பயன்படுத்துவோருக்கு ஒரு வார்த்தை. டைஎதில் ஈதர் 34.6 டிகிரியிலேயே கொதிக்கும். கத்திரி வெயிலில் ஏ.சி. நின்றுபோன அறையில் செப்பரேட்டிங் ஃபனலைக் குலுக்கினால் மூடி எகிறும், பக்கத்தில் ஹீட்டர் இருந்தால் தீப்பிடிக்கும். ஒவ்வொரு குலுக்கலுக்கும் நடுவில் ஃபனலைக் கவிழ்த்து, தண்டை ஆளில்லாத பக்கம் திருப்பி, குழாயைத் திறந்து காற்றை விடுங்கள். டைக்ளோர்வாஸ் போல எளிதில் ஆவியாகும் மருந்து சந்தேகத்தில் இருந்தால், கடைசி ஒரு மி.லி.யைச் சூட்டில் சுண்டவிடாமல் அறை வெப்பத்தில், மெல்லிய நைட்ரஜன் ஓட்டத்தில் உலரவிட வேண்டும். முற்றிலும் உலர்ந்து ஒட்டிப்போகும்வரை விட்டுவிட்டால் அதுவும் கூடவே போய்விடும்.

இனி, நான் மிகவும் வலியுறுத்தும் படி. கறிக்கடையில் ஆட்டு ஈரல் வாங்கி வாருங்கள். 50 கிராம் வீதம் இரண்டாகப் பிரியுங்கள். ஒன்றில் எதுவும் சேர்க்காதீர்கள், அது பிளாங்க். இன்னொன்றில் அளவு தெரிந்த குளோர்பைரிபாஸ், மோனோகுரோட்டோபாஸ், கார்போஃபியூரான் ஸ்டாண்டர்டுகளை (ஒப்பிட வைத்திருக்கும் தூய மருந்துகளை) சேர்த்துப் பிசையுங்கள். வழக்கின் ஈரல் என்னென்ன பாடு படுகிறதோ, அதே கரைப்பான், அதே சூடு, அதே நாள், இந்த இரண்டு ஈரலும் பட வேண்டும். அடுத்து வரும் தகட்டுச் சோதனையில் பிளாங்கில் புள்ளி வந்தால் கண்ணாடிப் பாத்திரத்திலோ கரைப்பானிலோ அழுக்கு. சேர்த்த ஈரலில் மோனோகுரோட்டோபாஸ் வரவில்லை என்றால் வழியில் ஓட்டை. இரண்டும் சரியாக வந்த பிறகு வழக்கின் ஈரலில் இல்லை என்றால், அப்போதுதான் அந்த ‘இல்லை’க்கு மதிப்பு.

தகடு

மெல்லடுக்கு வண்ணப்பகுப்பு, நாம் வாயில் சொல்வதுபோல் டி.எல்.சி., இந்த வேலையின் முதுகெலும்பு. சிலிக்கா பூசிய தகட்டின் அடியில் சாறைப் புள்ளியாக வைத்து, கரைப்பானை மேலே ஏறவிட்டால், ஒவ்வொரு பொருளும் வெவ்வேறு உயரத்தில் நிற்கும். 30 கிராம் சிலிக்கா ஜெல் ஜி-யை 60 மி.லி. நீரில் குழைத்து 0.25 மி.மீ. கனத்தில் பூசி, 110 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் தகடு தயார். கடையில் வாங்கும் அலுமினியத் தகடும் நல்லதுதான்.

நம் ஊர்ச் சிக்கல் ஈரக்காற்று. கடற்கரையை ஒட்டிய ஆய்வகம், ஐப்பசி கார்த்திகை மழை, ஜன்னல் திறந்த அறை. அடுப்பிலிருந்து எடுத்து மேசையில் ஆறவைத்த தகடு சில நிமிடங்களிலேயே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் ஏறிய சிலிக்காவுக்குப் பிடிமானம் குறையும், புள்ளிகள் வழக்கத்தைவிட மேலே ஓடும். காலையில் ஓட்டிய தகடும் மழை பிடித்த மாலையில் ஓட்டிய தகடும் ஒன்றுபோல் இருக்காது. தகட்டை டெசிகேட்டரில் ஆறவையுங்கள். அதைவிட முக்கியம், புத்தகத்தில் அச்சிட்ட ஆர்.எஃப். எண்ணை (கரைப்பான் ஏறிய தூரத்தில் புள்ளி ஏறிய பங்கு) வைத்து ஒரு மருந்தை அடையாளம் சொல்லவே சொல்லாதீர்கள். ஸ்டாண்டர்ட் அதே தகட்டில், மாதிரிக்குப் பக்கத்திலேயே ஓட வேண்டும்.

ஒரு தகட்டில் நான் புள்ளி வைக்கும் வரிசை இது: பிளாங்க் ஈரல், வழக்கின் இரைப்பை, வழக்கின் ஈரல், மருந்து சேர்த்த ஈரல், ஸ்டாண்டர்ட், பறிமுதல் செய்த பாட்டிலில் இருந்தது, கடைசியாக வழக்கின் உறுப்பிலிருந்து பிரித்தெடுத்த சாறின்மேலேயே ஸ்டாண்டர்டை வைத்த கூட்டுப் புள்ளி. இந்தக் கூட்டுப் புள்ளி பிரியாமல் ஒரே புள்ளியாக மேலே போனால்தான் இரண்டும் ஒன்று என்ற நம்பிக்கை வரும். கொழுப்புள்ள சாறு புள்ளியை இழுத்து வாலாக்கும், உயரத்தையும் மாற்றும். பக்கத்துப் பாதையில் சுத்தமாக ஓடிய ஸ்டாண்டர்டை மட்டும் பார்த்து ஏமாறாமல் இருக்க இதுவே வழி.

ஹெக்ஸேன்-அசிட்டோன் 8:2 கலவையில் குளோர்பைரிபாஸ் போன்றவை நன்றாக மேலே ஏறும். மோனோகுரோட்டோபாஸ் தொடக்கக் கோட்டை விட்டு அசையவே அசையாது. அதற்குக் குளோரோஃபார்மும் அசிட்டோனும் கலந்த கலவையில் தனித் தகடு ஓட்டுங்கள். விகிதத்தை ஸ்டாண்டர்டை வைத்தே சரிசெய்துகொள்ளலாம், தகட்டின் நடுப்பாதியில் நின்றால் சரி.

எண்டோசல்பானை 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்த பிறகும், பழைய இருப்பு எங்காவது தலைகாட்டலாம். தகட்டில் அது இரண்டு புள்ளியாக வரும், ஆல்பா, பீட்டா என்ற இரு வடிவங்களின் கலவை என்பதால். ஸ்டாண்டர்டிலும் மாதிரியிலும் இரட்டைப் புள்ளி ஒரே இடைவெளியில் நின்றால் அது பெரிய ஆதாரம்.

ஸ்ப்ரே

தகடு ஓடி உலர்ந்ததும் முதலில் 254 நானோமீட்டர் புற ஊதா விளக்கில் பாருங்கள், பென்சிலால் வட்டமிடுங்கள். பிறகு தகட்டை வெட்டி வெவ்வேறு ஸ்ப்ரே அடிக்கலாம்.

அரை சதவீதப் பலேடியம் குளோரைடு, கந்தகம் உள்ள ஆர்கனோபாஸ்பேட்டுகளுக்கு மஞ்சளிலிருந்து பழுப்புவரை புள்ளி தரும். குளோர்பைரிபாஸ், மாலத்தியான், டைமெத்தோயேட், குவினால்பாஸ் எல்லாம் இதில் விழும். மோனோகுரோட்டோபாஸிலும் டைக்ளோர்வாஸிலும் கந்தகம் இல்லை, ஆகவே இவை இந்த ஸ்ப்ரேக்குப் பேசாது. பலேடியம் தகடு வெறுமையாக இருப்பதைப் பார்த்து யாரும் கோப்பை மூடக் கூடாது.

மோனோகுரோட்டோபாஸுக்குச் சோடியம் ஹைட்ராக்சைடு அடித்துச் சிதைத்தபின், புதிதாகத் தயாரித்த டைஅசோ கரைசலை அடித்தால் நிறப்புள்ளி வரும். டைக்ளோர்வாஸுக்குக் காரத்தில் கரைத்த ரிசார்சினால், இளஞ்சிவப்பு. மீத்தைல் பாராத்தியான் என்றால் காரம் அடித்துச் சூடாக்கினாலே போதும், மஞ்சள் வரும். அமில ஆவி காட்டினால் மறையும், மறுபடி காரம் பட்டால் திரும்பும். பாராத்தியானை லேசாக நினைக்க முடியாது. 1958இல் கேரளத்தில் அது சிந்திய கோதுமை மாவைச் சாப்பிட்டு நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்ததே அந்தத் துயரத்தின் தொடர்ச்சியாகத்தான்.

கார்பமேட்டுகளுக்குக் காரம் அடித்துச் சூடாக்கினால் ஃபீனால் வகைப் பொருள் வெளிப்படும். பாரா-நைட்ரோபென்சீன்டைஅசோனியம் புளோரோபோரேட் அடித்தால் கார்பரில் நீலமாகத் தெரியும். மற்றவை சிவப்பு, ஊதாச் சாயலில் வரும், ஸ்டாண்டர்டோடு ஒப்பிட்டே பெயர் சொல்ல வேண்டும். எண்டோசல்பான் போன்ற ஆர்கனோகுளோரினுக்கு டைஃபீனைல்அமீன்-ஜிங்க் குளோரைடு கரைசல் அடித்து 200 டிகிரியில் ஐந்து நிமிடம். சைபர்மெத்ரின், ஃபென்வெலரேட் போன்ற பைரித்ராய்டுகளில் சயனோ தொகுதி உண்டு. காரத்தில் சயனைடு விடுபடும். பாரா-நைட்ரோபென்சால்டிஹைடும் ஆர்த்தோ-டைநைட்ரோபென்சீனும் அதோடு சேர்ந்து ஊதா நிறம் தரும். இப்போது சந்தையில் குளோர்பைரிபாஸும் சைபர்மெத்ரினும் ஒன்றாகக் கலந்த மருந்துகள் இருப்பதால், ஒரு மருந்து கிடைத்ததும் நிறுத்திவிடாமல் இரண்டாவதையும் தேடுங்கள். பறிமுதல் பாட்டிலிலும் உடலிலும் அதே ஜோடி கிடைத்தால் வழக்கு மிகவும் வலுப்பெறும்.

நொதித் தகடும் கோலினெஸ்டரேஸும்

எந்த மருந்து என்று தெரியாத வழக்கில் எனக்கு மிகவும் பிடித்தது நொதித் தகடு. ஓட்டிய தகட்டில் கோலினெஸ்டரேஸ் உள்ள சீரத்தை அடித்து, ஈரமான பெட்டியில் 37 டிகிரியில் அரைமணி வைத்து, பிறகு 1-நாப்தைல் அசிட்டேட்டும் ஃபாஸ்ட் புளூ பி-யும் அடியுங்கள். நொதி வேலைசெய்யும் இடமெல்லாம் ஊதாவாகும். தடுப்பான் உள்ள இடம் வெள்ளையாக நிற்கும். குளோர்பைரிபாஸ் போல பாஸ்பரஸ்-கந்தகப் பிணைப்பு உள்ளவை நேரடியாக நொதியைத் தடுப்பது குறைவு. ஃபியூம் ஹூடுக்குள் புரோமின் ஆவியைக் கொஞ்சம் காட்டி, மிச்ச புரோமின் முழுவதும் போனபின் நொதியை அடித்தால் அவையும் தெரியும். புரோமின் காட்டாத தகடு ஒன்றும் காட்டிய தகடு ஒன்றும் ஓட்டினால், புள்ளி எந்த வகை என்பதும் தெரிந்துவிடும்.

ரத்தத்தில் நொதி அளவைப் பார்க்க 1961இல் எல்மன் சொன்ன முறையைப் பயன்படுத்தலாம். மஞ்சள் நிறம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று 412 நானோமீட்டரில் அளப்பார்கள். குறைந்திருந்தால் ஆர்கனோபாஸ்பேட்டோ கார்பமேட்டோ காரணமாக இருக்கலாம். ஆனால் ஈரல் நோயிலும் கர்ப்பத்திலும் பிளாஸ்மா நொதி குறையும், அதனால் சிவப்பணு நொதியையும் சேர்த்துப் பாருங்கள். இது துணைச் சாட்சி மட்டுமே, மருந்தின் பெயரை இதனால் சொல்ல முடியாது.

உறுதி செய்தல்

ஒரு நிறத்தை வைத்து அடையாளம் கூறக் கூடாது. தன்மையில் மாறுபட்ட இரண்டு கரைப்பான் கலவைகளில் ஸ்டாண்டர்டோடு பொருந்த வேண்டும், வேதியியலில் மாறுபட்ட இரண்டு ஸ்ப்ரேக்களில் ஒத்த நிறம் வர வேண்டும், கூட்டுப் புள்ளி பிரியக் கூடாது, பிளாங்க் சுத்தமாக இருக்க வேண்டும். அதன்பின் ஸ்ப்ரே அடிக்காத தகட்டில் அதே உயரத்தில் உள்ள சிலிக்காவைச் சுரண்டி, கரைப்பானில் கழுவி, ஜி.சி.-எம்.எஸ். இருக்கும் பிரிவுக்கு அனுப்புங்கள். தகட்டில் ஏற்கெனவே சுத்தமான சாறு என்பதால் கருவிக்காரர்கள் நன்றி சொல்வார்கள்.

இரைப்பையில் மட்டும் இருந்து ஈரலிலும் ரத்தத்திலும் இல்லை என்றால் அதை அப்படியே எழுதுங்கள். உடலில் உறிஞ்சப்பட்டதா என்பது வழக்கின் மையமாக இருக்கலாம். மாதிரிகளைக் கலந்து ஒரே சாறாக எடுக்கும் பழக்கம் இதனால்தான் கூடாது.

அறிக்கை

அரசு அறிவியல் நிபுணரின் அறிக்கையைச் சுரக்ஷா சன்ஹிதாவின் 329ஆம் பிரிவின்கீழ் நீதிமன்றம் சான்றாக ஏற்கலாம், தேவைப்பட்டால் நம்மை நேரில் அழைக்கவும் செய்யலாம். விஷக் கொலை வழக்கில் நீதிமன்றம் எதைப் பார்க்கிறது என்பதை 1984ஆம் ஆண்டு ஷரத் பிர்திசந்த் சர்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: கொல்லும் நோக்கம், விஷத்தால் மரணம், குற்றம் சாட்டப்பட்டவரிடம் விஷம் இருந்தது, கொடுக்க வாய்ப்பு இருந்தது. இரண்டாவது நம் கையில். பறிமுதல் பாட்டிலை ஒப்பிடுவதால் மூன்றாவதிலும் நமக்குப் பங்கு உண்டு. 2014இல் ஜோஷிந்தர் யாதவ் வழக்கில், உள்ளுறுப்பு அறிக்கையைக் காலத்தோடு பெற்றுத் தாக்கல் செய்ய வேண்டும் என்றும், விஷம் கண்டறியப்படாததால் மட்டும் வழக்கு விழுந்துவிடாது என்றும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த இரண்டாவது கருத்தை நீதிபதி பயன்படுத்த வேண்டுமானால், நாம் எதைத் தேடினோம் என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

அதனால் வெறுமனே ‘விஷம் கண்டறியப்படவில்லை’ என்று ஒரு வரியில் முடிக்காதீர்கள். இப்படி எழுதலாம்: ‘இரைப்பை, ஈரல், ரத்தம் ஆகியவற்றில் ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட், ஆர்கனோகுளோரின், பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லிகள், பாஸ்பைடு, பாராகுவாட் ஆகியவை தேடப்பட்டன. பயன்படுத்திய முறைகளில் இவை கண்டறியப்படவில்லை. சிறுநீர் அனுப்பப்படவில்லை. இறப்பதற்கு முன் ஆறு நாள் சிகிச்சை பெற்றதாகக் குறிப்பில் உள்ளது.’ தேடாததைத் தேடியதாக எழுதாதீர்கள். ஒடுவந்தழை போன்ற தாவர விஷத்துக்கு வாய்ப்பிருந்தும் தேடவில்லை என்றால் அதையும் சொல்லிவிடுங்கள்.

தகடுகளைப் போட்டோ எடுத்து, அளவுகோல் தெரியும்படி அச்சிட்டுக் கோப்பில் வையுங்கள். நிறங்கள் மங்கிவிடும், சில ஒரு மணி நேரத்துக்குள்ளேயே. பிளாங்க் ஈரல், மருந்து சேர்த்த ஈரல் இரண்டின் முடிவும் அதே பக்கத்தில் இருக்கட்டும், தேதியோடும், தகடு ஓட்டியவரின் கையெழுத்தோடும். மிச்ச மாதிரியை மறுபடி சீல் வைத்து, எடையைக் குறித்து, நீதிமன்றம் கேட்கும்வரை ஃப்ரீசரில் வையுங்கள்.